காலிப்பரைக் கழற்றி மாட்டிய பதினோரு நாள்

மதுரை பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கும்போது முட்டி மடங்கிவிட்டது. சீட்டிலிருந்து எழுந்தபோது, இடது காலைத் தாங்கும் காலிப்பரின் முட்டி லாக் விழுந்த சத்தம் ஒன்றுதான் கேட்டது. இரண்டு கேட்க வேண்டும். பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள், கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார், சரி சமாளிக்கலாம் என்று நடந்துவிட்டேன். கடைசிப் படியிலிருந்து இறங்கி இடது காலைத் தரையில் ஊன்றியதும் மடக்குக் கத்தி மாதிரி கால் மடங்கியது. பின்னால் வந்த பெரியவர் ஒருவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் பல் போயிருக்கும். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

திருமங்கலத்தில் பைக் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். வயது 46. ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து, ஊசி போட்டு, அப்புறம் இடது கால் துவண்டுபோனது. என் வயதுப் போலியோக்காரர்கள் பத்துப் பேரைக் கேட்டால் பாதிப் பேர் இதே கதையைத்தான் சொல்வார்கள். அன்று போட்டிருந்தது என்னுடைய ஆறாவது காலிப்பர். 2013இல் செய்தது. அதைப் பிரித்துச் சரிசெய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நடுவில் ஒரு பெரிய தப்பு செய்தேன். அதையும் எழுதுகிறேன், உண்மையில் அதற்காகத்தான் இந்தப் பதிவே.

காலிப்பர் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். தொடையிலிருந்து ஷூ வரை காலின் இரு பக்கமும் இரண்டு இரும்புப் பட்டைக் கம்பிகள் இறங்கும். மேலே தொடையைச் சுற்றித் தோல் பட்டை, கெண்டைக்காலில் ஒரு பட்டை, முட்டிக்கு முன்னால் ஒரு தோல் மெத்தை. அடியில் ஷூவின் அடித்தோலோடு 'ப' வடிவத் தகடு ஒன்றை ரிவெட் அடித்து, அதன் இரு கொம்புகளில் கணுக்கால் மூட்டைப் பொருத்தியிருப்பார்கள். முட்டி இருக்கும் இடத்தில் இரண்டு கம்பியிலும் கீல் உண்டு. அந்தக் கீலுக்கு மேலே செவ்வக வடிவத்தில் ஒரு வளையம் ஏறி இறங்கும்படி இருக்கும். எழுந்து காலை நேராக்கினால் வளையம் தன் எடையிலேயே கீழே சரிந்து கீலின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அதுதான் லாக். உட்கார வேண்டுமென்றால் பேன்ட்டுக்கு மேலேயே இரண்டு வளையத்தையும் விரலால் தூக்க வேண்டும். தொடைத் தசைக்கு முட்டியை நேராகப் பிடித்து நிறுத்தும் பலம் இல்லை. அந்த வேலையை இந்த இரண்டு வளையங்கள் செய்கின்றன. அவை இல்லாத வீட்டு நடையில், ஒவ்வொரு அடிக்கும் கையால் தொடையை அழுத்திக்கொண்டுதான் போவோம்.

அளக்கும் கருவிக்கும் காலிப்பர் என்றுதான் பெயர். இந்தக் காலிப்பரின் மூதாதை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிவர்பூலில் வைத்தியம் பார்த்த ஹ்யூ ஓவன் தாமஸ் செய்த சட்டம். அவர் எலும்பு கட்டும் பரம்பரையில் வந்தவர். நம் ஊர் புத்தூர்க் கட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் நாள் பிரிக்கவே இல்லை. கடைத் தரையில் பழைய சாக்கை விரித்து, காலிப்பரைக் கிடத்தி, நாலு பக்கமும் போனில் படம் எடுத்தேன். எடை போட்டேன், ஷூவோடு 2 கிலோ 300 கிராம். மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு உதிரிக்கும் 'உள்', 'வெளி' என்று எழுதினேன். கழற்றிப் போட்ட பிறகு இரண்டு கம்பியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், எது எந்தப் பக்கம் என்று தெரியாது.

பிறகு பழுதுகளைப் பார்த்தேன். வெளி வளையம் பாதியில் சிக்கியது. உள் வளையம் சிக்கவில்லை, ஆனால் உள்ளே தேய்ந்து அகன்று, கீல் தலையைச் சரியாகக் கவ்வாமல் லொடலொடத்தது. பஸ்ஸில் கேட்டது இதன் சத்தம்தான். பாதி உட்கார்ந்து, ஊன்றிய வேகத்தில் எகிறியிருக்கிறது. வெளி வளையம் சிக்கியதற்கு ஒரு காரணம் எளிதாகக் கிடைத்தது. தூக்கிய வளையம் தானாக விழாமலிருக்க, கம்பியில் ஒரு சின்ன எஃகு குண்டு ஸ்பிரிங்கோடு உட்கார்ந்திருக்கும். அந்தக் குழிக்குள் பதினோரு வருடத்துப் பவுடர், வியர்வை, பேன்ட் நூல் எல்லாம் சேர்ந்து சாந்து மாதிரி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஊசியால் நோண்டி எடுத்தேன். குண்டு துள்ளத் தொடங்கியது. ஆனாலும் வளையம் முழுதாக இறங்கவில்லை. அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

தொடைத் தோல் வியர்வையில் ஊறி ஊறிக் காய்ந்து, அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. மடக்கினால் நொறுங்கியது. செம்பு ரிவெட்டுகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. ஷூ தகட்டின் ரிவெட் ஒன்று தளர்ந்து, நடக்கும்போது டக் டக் என்று ஒரு சத்தம்; வீட்டில் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நான் வருவதைக் கண்டுபிடிப்பார்கள். ஷூவின் அடிப்பாகம் வெளி ஓரத்தில் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தது. ஒருவனுடைய நடை எப்படி என்று அவனை நடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டியதில்லை. அவன் காலிப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் போதும்.

புதிது வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். என்னிடம் ஒரு புதிய காலிப்பர் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு முகாமில் கொடுத்தது, பீரோ மேல் கிடக்கிறது. டேப்பை வைத்து மூன்று நீளம் எழுதிக்கொண்டு போனார்கள். வந்தது தொடைக்கு மேலே ஒரு அங்குலம் நீளம். உட்கார்ந்தால் கவட்டையில் குத்தும். திருப்பிக் கொடுக்க யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. அம்மாவோ, "புதுசப் போயி வெட்டவா போற, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். எனக்கும் மனசு வரவில்லை.

இரண்டாம், மூன்றாம் நாள் தோல் வேலை. இது என் தொழிலுக்குப் பக்கத்து வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய ரிவெட்டைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் துளை கிழிந்து, அளவு எடுக்கப் பழைய தோலும் மிஞ்சாது. வாஷர் பக்கத்தில் ரிவெட்டின் தலையை 4 மி.மீ. பிட்டால் மெதுவாக டிரில் செய்து, ஆணியால் தட்டினால் தானாக வெளியே வந்துவிடும். கழற்றிய தோலை ஈரத்துணியில் சுற்றி ஒரு இரவு வைத்து, பதமான பிறகு அட்டைமேல் விரித்து அச்சு எடுத்தேன்.

ரெக்ஸின் வேண்டாம். கடை முழுக்க ரெக்ஸின் வைத்திருப்பவன் சொல்கிறேன், நம்புங்கள். நாலாவது காலிப்பருக்கு என் கையாலேயே அழகாகக் கறுப்பு ரெக்ஸினில் தைத்துப் போட்டேன். சித்திரை மாதம். மூன்றாம் நாள் தொடை முழுக்க வேர்க்குரு, ஐந்தாம் நாள் தோல் உரிந்துவிட்டது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் இதற்குச் சரி. நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிடுவார்கள். அந்த வகைத் தோலை நனைத்து ஒரு வடிவத்தில் கட்டி உலரவிட்டால், அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், கடையில் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள்; ஆனால் வடிவம் நிற்காது, வளைத்தால் திரும்ப விரியும். வித்தியாசம் தெரிய வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே வெளிர்நீலமோ சாம்பலோ தெரிந்தால் குரோம். மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். சாயம் மேலே எந்த நிறத்தில் இருந்தாலும் ஓரம் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

வெளிப்பக்கத்துக்கு 3 மி.மீ. மாட்டுத்தோல், உடம்பில் படும் பக்கத்துக்கு மெல்லிய ஆட்டுத்தோல். இரண்டையும் ரப்பர் சொல்யூஷனால் ஒட்டி, ஓரத்தை உளியால் பாதியாகச் சீவி மடித்துத் தைத்தேன். மேல் விளிம்பை மட்டும் மடிக்காமல் உருட்டித் தைத்தேன், உட்காரும்போது கவட்டையை அறுக்காமலிருக்க. ரிவெட் எல்லாம் செம்புதான், உள்பக்கத் தலைகள் ஆட்டுத்தோலுக்கு அடியில் மறைந்துவிட வேண்டும். ஒரு தலை வெளியே தெரிந்தால்கூட ஒரே வாரத்தில் அந்த இடத்தில் புண் வரும்.

வடிவம் பிடிப்பதற்குப் பட்டறையில் காலின் பிளாஸ்டர் அச்சு வைத்திருப்பார்கள். என்னிடம் அச்சு இல்லை, கால்தான் இருக்கிறது. தொடையில் பாலிதீன் சுற்றி, அதன்மேல் நனைத்த தோலை வைத்து, பழைய வேட்டியைக் கிழித்துப் பட்டையாக்கி இறுகக் கட்டிக்கொண்டு கடை ஸ்டூலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். ஸ்கூல் விட்டு வந்த மகள், "அப்பா, என்னப்பா இது கொழுக்கட்ட மாதிரி கட்டிவெச்சிருக்கீங்க" என்று கேட்டாள். சிரிக்காமல் அசையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பாகம். பிறகு மெதுவாகக் கழற்றி நிழலில் இரண்டு நாள் உலர்த்தினேன். வெயிலில் வைத்தால் விறைத்து வெடிக்கும்.

வெல்க்ரோ பற்றி ஒரு வார்த்தை. ஒட்டிப் பிடிக்கவில்லை என்றதும் மாற்ற ஓடாதீர்கள். முள் பக்கத்தில் நூலும் முடியும் அடைத்திருக்கும். பழைய டூத் பிரஷ்ஷும் ஊசியும் போதும். பஞ்சுப் பக்கம் மொட்டையாகியிருந்தால் மட்டும் மாற்றுங்கள். ஒட்டாதீர்கள், தையுங்கள். நான் தொடையில் வெல்க்ரோ வைத்திருக்கிறேன், முட்டி மெத்தைக்குப் பக்கிள் போட்ட தோல் வார்தான். முட்டி முன்னால் மடங்காமல் தடுப்பதில் அந்த மெத்தைக்கும் பங்கு உண்டு. அங்கே 'பர்ர்' என்று பிரியக்கூடிய எதையும் நான் நம்புவதில்லை.

நாலாம் நாள் கம்பிகளை எடுத்துக்கொண்டு லேத்துக்குப் போனேன். தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் தம்பி, டிராக்டர் உதிரிகளில் கை தேர்ந்தவன். கீலின் அச்சாணி தேய்த்த துளையை ரீமர் விட்டுச் சுத்தம் செய்து, புது அச்சாணி கடைந்து போட்டான். உள் வளையத்துக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் பட்டையைக் குடைந்து, அரத்தால் ராவிப் புது வளையம் செய்தான். 16 மி.மீ. கம்பிக்கு நூல் அளவு இடைவெளியில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அழகான வேலை.

அப்புறம் உள்பக்கக் கம்பியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான்.

"அண்ணே, இது வளைஞ்சுபோயிருக்கு பாருங்க. முட்டிகிட்ட நல்லா பொடச்சு நிக்குது. பஸ்ல விழுந்தப்ப ஆனதா?"

வாங்கிப் பார்த்தேன். கீலுக்கு மேலேயும் கீழேயும், வலது கால் பக்கமாக ஒரு வளைவு. வெளிக் கம்பி கிட்டத்தட்ட நேராக இருந்தது. இது மட்டும் வயிறு தள்ளி நின்றது. பதினோரு வருடமாகத் தினமும் தொட்ட கம்பி. ஆனால் தோலும் மெத்தையும் மூடியிருந்ததால் அந்த வளைவை அதுவரை பார்த்ததே இல்லை. விழுந்ததில்தான் வளைந்திருக்கும் என்று எனக்கும் தோன்றியது.

"நிமித்திரலாமா?"

"நிமித்திரு."

வைஸின் தாடைகளில் செம்புத் தகடு வைத்துக் கம்பியைக் கடித்து, நீளமான ஒரு குழாயைச் செருகி அழுத்தினான். மட்டப் பலகை வைத்துப் பார்த்தான். நூல் பிடித்த மாதிரி நேர். இரண்டு பேருக்கும் திருப்தி. டீ குடித்தோம்.

ஆறாம் நாள் எல்லாவற்றையும் பூட்டிப் போட்டுக்கொண்டேன். புதுத் தோல் வாசனை, புது வளையம், களிம்பில்லாத ரிவெட். எழுந்து நின்றேன். டிக். ஒன்று. வெளி வளையம் பழையபடி பாதியில் நின்றது. கையால் தட்டினால் இறங்கியது. புது உள் வளையமோ இறங்கிவிட்டு, தூக்கினால் வர மறுத்தது, உட்காரவே முடியவில்லை. எண்ணெய் விட்டேன். அரம் போட்டேன். கடை வரைக்கும் நடந்து பார்த்தேன். முட்டியின் உள்பக்க எலும்பில் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவது போல இருந்தது. மாலையில் இடுப்பில் வலி தொடங்கியது, அதுவும் நல்ல பக்கத்து இடுப்பில். அழுத்துகிற இடத்திலிருந்து தப்பிக்க உடம்பு தானாகவே சாய்ந்து நடந்திருக்கிறது.

இரவு கழற்றியபோது முட்டியின் உள்பக்கம் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. காலிப்பர் போடுகிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. கழற்றி இருபது, முப்பது நிமிடத்தில் சிவப்பு மறைந்தால் பரவாயில்லை. மறையாவிட்டால் அடுத்த நாள் அதைப் போடக் கூடாது. எனக்கு உணர்ச்சி நன்றாக இருக்கிறது, போலியோ தசையைத்தான் எடுக்கும், தொட்டால் தெரிவதை எடுக்காது. சர்க்கரையாலோ முதுகுத்தண்டுக் காயத்தாலோ கால் மரத்தவர்களுக்கு வலியே தெரியாது. அவர்கள் தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். என் சிவப்பு ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தது.

ஏழாம் நாள் முழுக்க ஊன்றுகோலில். எரிச்சலில் வேறு வேலை ஓடவில்லை. மாற்றுத்திறனாளி அட்டையின் நகல் ஒன்று தேவைப்பட்டு அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது, அடியில் நாலாக மடித்த பழுப்புத் தாள் ஒன்று கிடைத்தது. விரித்தால் தரையில் ஆளுயரத்தில் பாதி வந்தது. பென்சிலில் ஒரு காலின் உருவம். என் கால்.

ஞாபகம் வந்துவிட்டது. 2013இல் மதுரையில் அளவு எடுத்த டெக்னீஷியன், என்னை இந்தத் தாளின் மேல் படுக்கவைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு காலைச் சுற்றிக் கோடு இழுத்தார். கூச்சத்தில் நான் நெளிந்ததில் கெண்டைக்கால் பக்கம் கோடு ஒரு இடத்தில் துள்ளியிருக்கிறது. கவட்டை, முட்டி, கணுக்கால் மூன்று இடத்திலும் குறுக்குக் கோடு. முட்டிக் கோடு மடங்குகிற மடிப்பில் இல்லை, அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தது. கால் எங்கே அச்சு வைத்து மடங்குகிறதோ அங்கேதான் கீலும் வர வேண்டும், கீழே வைத்தால் உட்காரும்போது பட்டை தொடையை அறுக்கும் என்று அன்று அவர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் சுற்றளவு. வேலை முடிந்ததும் தாளை மடித்து அம்மாவிடம் கொடுத்து, "இதத் தூரப் போட்றாதீங்கம்மா" என்றார். அம்மா தூரப் போடவில்லை. எதற்கு என்றும் யாரும் கேட்கவில்லை.

கம்பியைக் கொண்டுவந்து தாளின் மேல் வைத்தேன். என் கால் முட்டி தட்டும் கால். இடது முட்டி வலது பக்கமாக உள்ளே சாய்ந்திருக்கும். தாளில் அந்தச் சாய்வு அப்படியே இருந்தது. நேரான கம்பி முட்டி எலும்பின் கோட்டுக்குள்ளே புகுந்து போயிற்று. கோட்டுக்கு வெளியே, ஒரு விரல் தள்ளி, பென்சிலில் இன்னொரு மெல்லிய கோடு இருந்தது. முட்டியைச் சுற்றி வயிறு தள்ளிய கோடு. கம்பி போக வேண்டிய வழி அது. நாலாம் நாள் நாங்கள் இரண்டு பேரும் டீ குடித்துக் கொண்டாடியது அதை அழித்ததைத்தான்.

தாளோடு லேத்துக்குப் போனேன். தம்பி தாளைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான், "அய்யோ" என்றான். பிறகு அவன்தான் வளையம் ஏன் சிக்கியது என்பதையும் கண்டுபிடித்தான். காலிப்பரைக் கீல் வரை பிரித்து, இரண்டு கீல் துளைகளுக்கும் பொருந்தும்படி ஒரு நேரான ராட் கடைந்து, ஒரு பக்கத்திலிருந்து செருகினான். வெளிக் கம்பித் துளையில் நுழைந்தது, உள் கம்பித் துளையில் இடித்து நின்றது. இரண்டு கீலும் ஒரே அச்சில் இல்லை. ஒரு கதவின் இரண்டு கீல்களைக் கோணலாக அடித்த மாதிரி. அப்படி இருந்தால் மடங்கும்போது இரண்டும் ஒன்றையொன்று முறுக்கும், வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கவ்விக்கொள்ளும். வளையத்தை எவ்வளவு ராவினாலும் தீராது. விழுவதற்கு முன்பே கொஞ்சம் விலகித்தான் இருந்திருக்க வேண்டும், அதனால்தான் குண்டைச் சுத்தம் செய்தும் வெளி வளையம் சிக்கியது, நிமிர்த்தியதில் மோசமாகிவிட்டது.

"மறுபடி வளச்சிரலாம்ணே."

இந்தத் தடவை சரி என்று சொல்லவில்லை. டெக்னீஷியனின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கம்பி அலுமினியமா, ஸ்டீலா?" என்றார். ஸ்டீல் என்றேன். "அலுமினியமா இருந்தா இப்பவே தூக்கிப் போடுன்னு சொல்லியிருப்பேன். ஸ்டீலா இருந்தாலும் வளச்சு, நிமித்தி, மறுபடி வளச்சா களச்சுப்போகும். ரிவெட் தொள பக்கத்துல வெடிப்பு இருக்கான்னு மொதல்ல பாருங்க." எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்கு, "லேத்துத் தம்பிக்குத் தெரியும்" என்றார்.

தெரிந்திருந்தது. கம்பியில் மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டான். பிறகு காய்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்தான். பள்ளிக்கூடச் சாக்பீஸைப் பொடித்து மேலே தூவினான். கம்பி முழுக்க வெள்ளை. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்றும் இல்லை என்று நிமிரப்போன நேரத்தில், கீலுக்கு மேலே இருந்த ரிவெட் துளையின் ஓரத்திலிருந்து முடி அளவுக்கு ஈரமான ஒரு கோடு வெள்ளைப் பொடியில் மெல்ல எழுந்தது. வெடிப்புக்குள் புகுந்திருந்த எண்ணெய் கசிந்து மேலே வருகிறது. கால் அங்குல நீளம்கூட இல்லை. அதோடு பஸ் ஏறியிருந்தால் அடுத்த முறை காலர் பிடிக்க ஆள் இருந்திருக்குமோ என்னவோ.

அன்று இரவு பீரோ மேலிருந்த புதுக் காலிப்பர் கீழே இறங்கியது. அம்மாவிடம் சாக்பீஸ் கோட்டைப் பற்றிச் சொன்னேன். "வெட்டிக்கப்பா" என்றார்.

ஒன்பதாம் நாள் புதுக் காலிப்பரின் கம்பிகள், பழையதன் தோல் பட்டைகள், பழுப்புத் தாள் எல்லாவற்றையும் ஒரு சாக்குப்பையில் போட்டு, இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் மதுரைக்குப் போனேன். ஊன்றுகோல் பின்னால். டெக்னீஷியனுக்கு வயதாகிவிட்டது, வீட்டோடு ஒட்டிய சின்னப் பட்டறையில் மட்டும் வேலை செய்கிறார். சுவரில் பிளாஸ்டிக் வார்ப்புகள் தொங்கின. பக்கவாதம் வந்தவர்களுக்குப் பாதம் தொங்காமல் பிடிக்கும் கணுக்கால் பட்டை, குழந்தைகளுக்கானது, முதுகு வளைவுக்கானது. இரும்புக் காலிப்பர் ஒன்றுகூட இல்லை. "இதெல்லாம் இப்ப யாரு கேக்குறா" என்றார். இந்தியாவில் கடைசியாகக் காட்டுப் போலியோ, அதாவது இயற்கையில் பரவும் வகை, வந்தது 2011 ஜனவரியில், ஹௌராவில் ஒரு குழந்தைக்கு. 2014 மார்ச்சில் போலியோ இல்லை என்று சான்றிதழே வந்துவிட்டது. நல்ல விஷயம்தான், அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது. ஆனால் இரும்பைக் காலுக்கு வளைக்கத் தெரிந்த கைகளும் எங்களோடு வயதாகிக்கொண்டு போகின்றன.

பழைய தாளை விரித்துப் பார்த்தார். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதுத் தாளை விரித்தார். "படுங்க."

"பழசு இருக்கே சார்?"

"பதினோரு வருஷத்துல காலு அங்கயே நிக்குமா?"

நிற்கவில்லை. புதுக் கோட்டைப் பழையதின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, முட்டி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இன்னும் உள்ளே போயிருந்தது. பழைய வளைவை நானே திரும்பக் கொண்டுவந்திருந்தாலும் போதாது. கம்பிக்கும் காலுக்கும் நடுவே மெல்ல நெருங்கிவந்த அந்த ஒரு சென்டிமீட்டர்தான் கம்பியைத் தள்ளித் தள்ளிக் கீலைத் திருகியிருக்கிறது என்றார் அவர்.

அவர் வளைத்ததை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். நுனியில் வாய் பிளந்த இரண்டு இரும்புக் கைப்பிடிகள். அவற்றைக் கம்பியில் இரண்டங்குல இடைவெளியில் மாட்டி, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை அழுத்துவார். வைஸும் இல்லை, குழாயும் இல்லை, ஒரே அடியாக எதையும் செய்யவும் இல்லை. ஒரு அழுத்து, தாளில் வைத்துப் பார்ப்பது, ஒரு கண்ணை மூடிக் கம்பியின் நுனியிலிருந்து பார்ப்பது, இன்னொரு அழுத்து. ஒரே இடத்தில் மடிக்காமல் வளைவை நாலு இடத்தில் பிரித்துப் போட்டார். ரிவெட் துளை இருக்கும் இடத்தில் கைப்பிடியை மாட்டவே இல்லை. கீல் இருக்கும் துண்டை மட்டும் வளைவுக்கு நடுவிலும் நேராக நிறுத்தினார். பிறகு மேலே மிச்சமிருந்த ஒரு அங்குலத்தை ஹாக்ஸாவால் அறுத்து, முனையை உருட்டி ராவினார். அந்த முகாமில் இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

கெண்டைக்கால் பட்டையையும் ஒரு விரல் கீழே இறக்கினார். முட்டிக்கு வெளிப்பக்கம் கீழே உருண்டையாக ஒரு எலும்பு தட்டுப்படும், அதன் கழுத்தை ஒட்டி ஒரு நரம்பு போகிறது. பட்டை அங்கே அழுத்தினால் பாதம் மரத்துப்போகும். எனக்குச் சில மாதமாகக் கால் பெருவிரல் பக்கம் ஒரு குறுகுறுப்பு இருந்தது. வயதாகிறது என்று நினைத்திருந்தேன்.

பத்தாம் நாள் கடையில் வைத்துத் தோலை ரிவெட் அடித்தேன். ஷூ தகட்டுக்குப் புது ரிவெட்டும், தேய்ந்த வெளி ஓரத்துக்கு ரப்பர் துண்டும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் செருப்புத் தைப்பவர் போட்டுக்கொடுத்தார். தம்பியின் ராட் இப்போது ஒரு கீலில் நுழைந்து மறு கீல் வழியாக வெளியே வந்தது. அதை என்னிடமே கொடுத்துவிட்டான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை செருகிப் பார்க்கப்போகிறேன்.

பிளாஸ்டிக் காலிப்பர் போட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, சூடான காற்று ஊதும் ஹீட் கன்னை எடுக்க வேண்டாம். அதில் பெரும்பாலும் இருக்கும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் 160 டிகிரி வாக்கில் உருகும். அதற்குக் கொஞ்சம் கீழே எந்த இடத்தில் எவ்வளவு நேரம் என்பது கைப்பழக்கம். வளையும் இடத்தில் வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தால் அது உங்கள் சாக்பீஸ் கோடு என்று வைத்துக்கொண்டு உடனே காட்டிவிடுங்கள். வார், வெல்க்ரோ, உள் மெத்தை, சுத்தம் செய்வது, இவை நம் வேலை. வளைவும் கீலும் நம் வேலை இல்லை. வைஸ் வைத்திருக்கும் நண்பர்களின் வேலையும் இல்லை.

செலவு: தோல் இரண்டும் சேர்த்து 620 ரூபாய், ரிவெட், வெல்க்ரோ, சில்லறைச் சாமான் 180. செருப்புக் கடை 150. தம்பி வாங்க மாட்டேன் என்றான், நிமிர்த்தியதற்கு அபராதம் என்று சொன்னான். வற்புறுத்தி 300 கொடுத்தேன். டெக்னீஷியன் 700 கேட்டார், 1000 கொடுத்தேன். பழைய உள்கம்பி லேத்திலேயே இருக்கிறது. சாக்பீஸ் பொடியைத் துடைக்காமல் ஆணியில் மாட்டியிருக்கிறான்.

பதினோராம் நாள் காலையில் போட்டு நின்றேன். டிக், டிக். இரண்டு. மாலை வரைக்கும் கடையில் நின்று இரண்டு ஸ்பிளெண்டருக்கு சீட் தைத்தேன். கழற்றிப் பார்த்தபோது மெல்லிய சிவப்பு இருந்தது, காபி குடித்து முடிப்பதற்குள் மறைந்துவிட்டது. டக் டக் சத்தம் போய்விட்டதால் நான் வருவதே தெரியவில்லை என்று வீட்டில் குறை. வெளி வளையம் மட்டும் உள் வளையத்துக்கு ஒரு நொடி பின்னால் இறங்குகிறது. அரத்தை எடுத்தேன், டெக்னீஷியனுக்குப் போன் செய்தேன். "ஒரு மாசம் நடங்க, அதுவே படிஞ்சுரும், கைய வெக்காதீங்க" என்றார். அரத்தை மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். இன்றோடு பத்தொன்பது நாள்.